புதுப்பிப்பு: தனியாக ரயிலில் ஹிடா ஃபுருகாவா போய் வந்தாச்சு

ஜப்பானிய மொழி தெரியாமல் நகோயாவிலிருந்து ஜப்பானின் மலையூரான ஹிடா ஃபுருகாவாவுக்குத் தனியாகப் போக முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வழியிலுள்ள தகாயாமாவோடு நின்றுவிடாமல் ஃபுருகாவாவைத் தாண்டி டொயாமா வரை போகும் 'ஹிடா' என்ற விரைவு ரயிலாகப் பார்த்து ஏறச் சொன்னீர்களே, அந்த யோசனைதான் கைகொடுத்தது, எங்கும் மாற வேண்டியிருக்கவில்லை. ஆனால் தகாயாமாவில் சில பெட்டிகளைக் கழற்றிவிடுவார்கள், அதனால் சீட்டு எடுக்கும்போதே ஃபுருகாவா வரை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண பயணச்சீட்டோடு விரைவு ரயிலுக்கான தனிச் சீட்டும் வேண்டும்.

யாரும் சொல்லாத ஒன்று: நகோயாவில் இருக்கைகள் எல்லாம் பின்பக்கம் பார்த்தே இருக்கும், வழியில் கிஃபு நிலையத்தில் ரயில் திசை மாறியதும் சரியாகிவிடும், பதற வேண்டாம். அப்புறம், ஃபுருகாவாவில் வெள்ளைச் சுவர்க் கிடங்குகளை ஒட்டி ஓடும் கால்வாயில் கொழுகொழுவென்று நீந்தும் கெண்டை மீன்களை நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை வேறு குளத்துக்கு மாற்றிவிடுவார்கள், அவற்றைப் பார்க்கவே போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.