இந்த வெயிலில் ஸ்வெட்டரா?

தஞ்சாவூருக்குக் குடிவந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ பின்னல் ஊசியை வெளியே எடுத்தால் முதல் கேள்வி இதுதான். டில்லியில் இருந்தபோது மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் கற்றுக்கொண்ட வேலை. குளிர்காலத்தில் அங்கே மொட்டை மாடிக்கு மொட்டை மாடி யாராவது பின்னிக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இங்கே பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரு கருத்து, பின்னிருக்கைக்காரருக்கு இன்னொன்று, மீதிச் சில்லறை கொடுக்க வரும் கண்டக்டருக்குத் தனியாக ஒன்று. "கடையில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்குமே அம்மா" என்பது பெரும்பாலும் கண்டக்டருடையது.

ஊர் சுற்றும்போது பையில் ஊசி இருந்ததால் வாய்த்த சில மனிதர்களைப் பற்றி எழுதத் தோன்றியது. உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்திருந்தால் சொல்லுங்கள்.

போன ஜனவரியில் வடுவூர் ஏரிக்குப் போனேன். மன்னார்குடி பஸ்ஸில் ஏறினால் கொண்டுபோய் விட்டுவிடும். 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனாலும் அது வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரிதான். ஆற்றில் தண்ணீர் வந்து ஏரி நிரம்பினால் பறவை வரும், கோடையில் வற்றினால் வெறும் தரை. அன்றைக்கு நிறையவே இருந்தன: நத்தைகுத்தி நாரைகள், வெள்ளை அரிவாள் மூக்கன்கள், நடுத்தண்ணீரில் ஊசிவால் வாத்துகள். கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தங்கையின் பேரனுக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தேன். பறவை பார்ப்பதற்கும் பின்னுவதற்கும் நல்ல பொருத்தம். கை தன் பாட்டுக்கு ஓடும், கண் தண்ணீர்மேல் இருக்கும், உடம்பு அசையாது. பைனாகுலரைத் தூக்கித் தூக்கி வைப்பவர்களைக் கண்டு எழுந்து பறக்கிற நீர்க்காகம்கூட என்னைப் பொருட்படுத்தவில்லை.

வாத்து ஓட்டும் பெரியவர் ஒருவர் வந்தார். முன்னதாக அறுத்துவிட்ட வயலில் வாத்துகளை இறக்கிவிட்டு, நீளக் கழியை ஊன்றியபடி வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர் கேள்வியை எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "என்ன ஆயி, கூடு கட்டுகிறாயா?"

அவ்வளவுதான், விறுவிறுவென்று வாய்க்கால் பக்கம் போனவர், கருவேல மரத்தடியில் விழுந்து கிடந்த ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டை எடுத்துக்கொண்டு வந்தார். நெல் தாளையும் புல்லையும் நீளவாக்கில் கிழித்த நார்கள், ஒன்றன் அடியில் ஒன்று நுழைந்து, மேலேறி, மறுபடி நுழைந்து போகின்றன. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், பிரியவில்லை. உள்ளே சுவரில் ஈர மண்ணை அப்பி வைத்த தடம் காய்ந்து கிடந்தது. அதில் மின்மினியை ஒட்டிவைத்து விளக்கேற்றும் என்றார் பெரியவர். எங்கள் பாட்டியும் அதையேதான் சொல்வார். நானும் விரலைவிட்டுத் துழாவினேன். மண் இருந்தது, மின்மினி இல்லை.

ஆனால் அடுத்து அவர் சொன்னது முழு உண்மை. கட்டுவது ஆண்குருவி. பாதிவரை, கவிழ்த்த குல்லாபோலக் கட்டிவிட்டு, வாசலில் தொங்கிக்கொண்டு பெட்டையைக் கூப்பிடும். அது வந்து உள்ளே பார்த்துச் சம்மதித்தால்தான் மீதியையும் கீழ்நோக்கிய குழாயையும் கட்டும். பிடிக்கவில்லை என்றால் பாதியோடு விட்டுவிட்டு அடுத்த கூடு. என் வீட்டு அலமாரியில் பாதியில் நிற்பவை நான்கு: இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, ஒற்றைக் காலுறை. இனி யாராவது கேட்டால் பெட்டை வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

கிளம்பும்போது பெரியவர் கூச்சத்தோடு ஒன்று கேட்டார். மார்கழிப் பனியில் விடியற்காலை வாத்தைத் திறந்துவிட வேண்டும், காது அடைத்துக்கொள்கிறது, காதை மூடுகிற மாதிரி ஒரு குல்லா கிடைக்குமா என்று. கையிலிருந்த நூலைத் தலையில் சுற்றி அளவு எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டரை அங்குலம்.

நூலுக்காகக் கும்பகோணம் போனேன். நம் பக்கத்தில் உல்லன் நூல் ஃபேன்சி ஸ்டோரில்தான் கிடைக்கும், சார்ட் பேப்பருக்கும் ஜிகினாவுக்கும் நடுவில். கடைப் பெண் எப்போதும் கேட்பது, "பள்ளிக்கூட வேலையா மேடம், எத்தனையாவது வகுப்பு?" போன முறை அதே கடையில் கிளிப்பச்சையில் ஆறு கண்டு வாங்கி, ஒன்று குறைந்துபோய்த் திரும்பப் போனேன். அதே நிறம்தான் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். டியூப் லைட்டில் அப்படித்தான் தெரிந்தது. பின்னி முடித்து வாசலுக்குக் கொண்டுவந்தால், மார்புக்குக் குறுக்கே ஒரு கோடு. மேலே வாழையிலை, கீழே வாழைக்காய். கண்டின் காகிதப் பட்டையில், எந்தச் சாயத்தொகுதியில் தோய்த்தது என்று காட்டும் லாட் நம்பர் போட்டிருக்கும். எல்லாக் கண்டிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காதது என் தவறு, அதற்கு மேல் கடைக்காரரைத் திட்டமாட்டேன். கொஞ்சம்தான் திட்டினேன்.

பெரியவரின் குல்லாவுக்கு அக்ரிலிக் சரிப்படாது என்று தோன்றியது. பனி விலகி எட்டு மணிக்கு வெயில் வந்துவிட்டால் தலை புழுங்கும். பருத்தியாக வேண்டும். மயிலாடுதுறையில் இறங்கி, கூறைநாட்டில் தறிச் சத்தத்தைத் தேடி நடந்தேன். கூறைப் புடவைக்கே தங்கள் ஊர்ப் பெயர்தான் என்பார்கள் அங்கே. இன்றைக்குச் சத்தம் வரும் வீட்டை விசாரித்துத்தான் போக வேண்டியிருக்கிறது. ஒரு திண்ணையில் பாட்டி ஒருவர் ராட்டையில், தறி நாடாவுக்குள் வைக்கும் தார்க்குழலுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என் அக்ரிலிக் நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பார்த்தார். "இது நூலா, பாலிதீன் பையா?" என்றார். பிறகு தன்னுடைய நூலைக் காட்டினார். 100-ஆம் நம்பர், கண்ணுக்கே தெரியவில்லை. "இதில் நீ குல்லா பின்னி முடிப்பதற்குள் அந்த மனுஷனுக்குக் காதே கேட்காமல் போய்விடும். துண்டு நெய்கிற வீட்டில் போய் இரட்டை இழை இருபது கேள்." போனேன், கிடைத்தது. பந்தாகச் சுற்றாமல், சிட்டமாகவே, அதாவது நூல் கற்றையாகவே கொடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பதில் எழுதியவர்களில் ஒருவர், முத்துப்பேட்டையிலிருந்து:

கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சமையல்காரரிடம் குரோஷா என்ற கொக்கி ஊசிப் பின்னல் கற்றுக்கொண்டவன் நான். ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியை நான் கேட்டு முடித்துவிட்டேன், நீங்கள் கேட்க வேண்டாம்.

ஜாம்பவானோடையிலிருந்து கோரையாறு வழியாகப் படகில் அலையாத்திக் காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? ஒரு முறை பாதி வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. இரு கரையிலும் சேற்றுக்குள்ளிருந்து மூச்சுவேர்கள் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருக்க, நண்டு ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. படகுக்காரப் பெரியவரின் பேரன் எஞ்சினோடு மல்லுக்கு நிற்க, நான் கொக்கி ஊசியை எடுத்தேன். பெரியவர் என் துண்டை வாங்கினார், திருப்பினார், நுனியைப் பிடித்து லேசாக இழுத்தார். ஒரு மணி நேரம் போட்டது சரசரவென்று அவிழ்ந்து அவர் மடியில் விழுந்தது. "முடிச்சே இல்லையே தம்பி, இதில் மீன் எப்படித் தங்கும்?"

பிறகு படகின் அடியிலிருந்து ஒரு வலையை இழுத்துக் காட்டினார். தட்டை ஊசியில் சுற்றிய நூல், கண்ணியின் அளவுக்கு ஒரு சின்ன மூங்கில் பட்டை. பட்டையைச் சுற்றி நூலை வளைத்து, மேல் கண்ணிக்குள் விட்டு, இறுக்கி ஒரு முடிச்சு. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒன்று. ஒரு கண்ணி அறுந்தால் அது மட்டும்தான் போகும், பக்கத்துக் கண்ணி நிற்கும். உங்கள் இரட்டை ஊசிப் பின்னலில் ஒன்று நழுவினால் கீழே வரைக்கும் ஏணிபோலப் பிரிந்து இறங்கிவிடும்.

அவிழ்ந்த நூலைத் தானே பந்தாகச் சுற்றிக்கொடுத்தபடி கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஆனால் ஒரு வசதி இருக்கிறது. இதை மறுபடி நூலாக்கிக்கொள்ளலாம். கஜாவில் என் ஆறு வலைகளும் மரத்தில் சிக்கிக் கிழிந்தன. ஒரு முழம் நூல் திரும்பக் கிடைக்கவில்லை." 2018 நவம்பர் 16 அன்று அடித்த புயல். அந்தக் காட்டில் அன்றைக்கு ஒடிந்த மரங்களைப் பெரியவர் வழிநெடுகக் கைகாட்டிக்கொண்டே வந்தார்.

திருவாரூரிலிருந்து:

நான் சுருக்கமாக. காரைக்குடி ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு அக்கா வயர் கூடை போட்டுக்கொண்டு வந்தார், சிவன் கண் முடிச்சு. நான் மஃப்ளர். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டது மட்டும்தான். திருத்துறைப்பூண்டி நெருங்கும்போது அவர் கூடையைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "நாற்பத்தெட்டு கண்ணி வைத்திருக்கிறாய். ஆறு வரிசைக்குக் கீழே ஒன்றை விட்டுவிட்டாய், இப்போது நாற்பத்தேழு." எண்ணினேன். நாற்பத்தேழு. முத்துப்பேட்டை வரும்வரை பிரித்துக்கொண்டிருந்தேன்.

வேதாரண்யத்திலிருந்து:

வடுவூர் அக்காவுக்கு ஒரு எச்சரிக்கை. கோடியக்கரைக்கு வெளிமான் பார்க்கப் போனால் நூல் கண்டைத் திறந்த பையில் வைக்காதீர்கள். மாமனாருக்கு மங்கிக் குல்லா பின்னிக்கொண்டிருந்தேன், ஒரு குரங்கு வந்து கண்டோடு மரத்தில் ஏறிவிட்டது. பெயருக்கு ஏற்ற இடத்துக்குத்தான் போயிற்று என்று என் கணவர் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளைக்குக் கிளை ஓடிய நூலில் பறவையோ மானோ காலைச் சிக்கவைத்துக்கொள்ளும். குச்சியால் எட்டிய மட்டும் இழுத்துச் சுற்றி எடுத்துவர முக்கால் மணி நேரம் ஆனது. வெளிமான்கள் தூரத்தில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தன.

அதிருக்கட்டும், அந்த இரட்டை இழை இருபதை எத்தனை இழை சேர்த்துப் பின்னினீர்கள்? எங்கள் வெக்கைக்கு ஊசியும் கையில் வழுக்குகிறது.

மறுபடி தஞ்சாவூரிலிருந்து:

வேதாரண்யம் தங்கைக்கு. நூலின் நம்பர் ஏற ஏற நூல் மெலியும், அதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 840 கஜச் சிட்டம் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கிறதோ அதுதான் நம்பர். 2/20 என்றால் 20-ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது, ஆகவே 10-ஆம் நம்பர் கனம். அதில் எட்டு இழை சேர்த்துப் பிடித்தால் 100 கிராமுக்குச் சுமார் 210 மீட்டர் வருகிறது. 4 மில்லிமீட்டர் ஊசிக்குச் சரியாக இருந்தது. எட்டையும் முதலிலேயே ஒரே பந்தாகச் சுற்றிக்கொள்ளுங்கள். எட்டுப் பந்தை மடியில் வைத்துக்கொண்டால் ரயிலில் எல்லாக் காலிலும் சிக்கும், அனுபவம் பேசுகிறது. வழுக்குவதற்கு மூங்கில் ஊசிதான் மருந்து. வியர்வையில் இரும்பைவிட நன்றாக நிற்கும். பின்னுவதற்கு முன் ஒரு சாண் அளவில் மாதிரித் துண்டு போட்டு, துவைத்து, காயவைத்து அளந்துகொள்ளுங்கள். பருத்தி முதல் துவையலில் சுருங்கும், பிறகு சொந்தக் கனத்தில் தொங்கி நீளும். கம்பளிபோலப் பழைய இடத்துக்குத் திரும்பி வராது. அதனால் குல்லாவின் விளிம்பை மட்டும் இரண்டு அளவு சின்ன ஊசியில், இரண்டு கண்ணி நேராக, இரண்டு புரட்டி என்று பின்னினேன். காதைக் கவ்விக்கொள்ளும்.

குல்லா முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, பழுப்பு நிறம். இதற்குள் இரண்டு முறை வடுவூர் போய்விட்டேன். ஏரி வற்றிக்கொண்டிருக்கிறது. வாத்துக்காரர்கள் வயலைத் தேடி ஊர் ஊராகப் போய்விடுவார்கள், எந்தப் பக்கம் என்று டீக்கடையிலும் சொல்லத் தெரியவில்லை. பெயரைக் கேட்டு வைக்காமல் தலையை மட்டும் அளந்துகொண்டு வந்திருக்கிறேன். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் போகிறவர்கள், இடது காதில் கடுக்கன் போட்ட வாத்துக்காரப் பெரியவர் கண்ணில் பட்டால், ஆயி குல்லாவை முடித்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.