பிரசண்ட் ஹெலிகாப்டரின் எஞ்சின் யாருடையது?

மலைமுகடு:
குடும்ப வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் அதே பார்வர்டு: "பிரசண்ட் தாக்குதல் ஹெலிகாப்டரில் ஒரு ஸ்க்ரூகூட வெளிநாட்டுடையது இல்லை." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 2022 மார்ச்சில் முதல் 15 ஹெலிகாப்டருக்கு ரூ.3,887 கோடி ஒதுக்கியபோது, மதிப்பில் 45 சதவீதம்தான் உள்நாட்டுப் பங்கு என்று அரசே சொன்னது. 20 மி.மீ. பீரங்கி பிரான்ஸ். மிஸ்ட்ரால் ஏவுகணை ஐரோப்பா. எஞ்சினும் பிரெஞ்சு எஞ்சின்தான். இதில் ஸ்க்ரூ பேச்சு எதற்கு?

சூலூர்க்காரன்:
பீரங்கி, ஏவுகணை சரி. எஞ்சினைப் பற்றி அப்படிப் பேசாதீங்க தம்பி. பிரசண்டில் இருக்கிற சக்தி எஞ்சின் நம்ம இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் (எச்.ஏ.எல்.) பிரெஞ்சு கம்பெனி டர்போமெக்காவும் சேர்ந்து உருவாக்கியது. கட்டுவது பெங்களூரில். 22 வருஷம் விமானப்படையில் எஞ்சின் பிடித்த கை இது.

மலைமுகடு:
அதே எஞ்சினுக்கு பிரான்சில் ஆர்டிடன் 1எச்1 என்று பெயர். நாம் சக்தி என்று கூப்பிடுகிறோம். பெயர் வைத்தவன் பிள்ளைக்கு அப்பனாகிவிடுவானா?

சூலூர்க்காரன்:
முகிலன் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? 1999 மே 28, கார்கில் போர், டோலோலிங் மலை. நம் எம்.ஐ-17 ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டு நான்கு பேர் போனார்கள், அதில் ஃபிளைட் லெப்டினன்ட் முகிலன் ஒருவர். அந்த உயரத்தில் நம்மிடம் இருந்த தாக்குதல் ஹெலிகாப்டர் எம்.ஐ-35 சண்டையிட முடியாது. காற்று மெல்லிசு, எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் எச்.ஏ.எல்.லின் துருவ் ஹெலிகாப்டர் அடிப்படையில் இந்த 5.8 டன் பிரசண்ட். 2006-ல் அனுமதி, 2010 மார்ச் 29-ல் முதல் பறப்பு, 2015-ல் சியாச்சினில் இறங்கியது. இறக்கியது எது? சக்தி எஞ்சின்!

கணக்குப்புலி:
2010-ல் பறந்தது ஜோத்பூரில் படையில் சேர 2022 அக்டோபர் 3 ஆயிற்று. பன்னிரண்டு வருஷம். அதுவும் டாங்கியை அடிக்கும் ஏவுகணை இல்லாமல். 2015-ல் கையெழுத்துப் போட்ட அமெரிக்கத் தாக்குதல் ஹெலிகாப்டர் அப்பாச்சி 2019-லேயே பதான்கோட் விமானதளத்துக்கு வந்துவிட்டது.

சூலூர்க்காரன்:
உங்கள் அப்பாச்சி 2024 ஏப்ரலில் லடாக்கில் அவசரமாக இறங்கிச் சேதமானதையும் எழுதுங்கள். போன வருஷம் துருவ் திரியிலும் இப்படித்தான் பாதியைச் சொல்லிவிட்டு ஓடினீர்கள், நான் மறக்கவில்லை.

கணக்குப்புலி:
ஓடவில்லை. நீங்கள் திட்டினீர்கள், விலகினேன்.

மஞ்சு_பெங்களூரு:
"உள்நாட்டுத் தயாரிப்பு" என்றால் என்ன? வடிவமைப்பதா, கட்டுவதா, உரிமம் கையில் இருப்பதா? முதலில் அதை முடிவு செய்யலாமே.

மலைமுகடு:
முடிவு செய்ய என்ன இருக்கிறது? எஞ்சின் பிரான்சுடையது.

நெடுந்தீவான்:
எஞ்சின் ஆற்றை எண்டு அடிபடுறியள். 1987 ஒக்ரோபரில யாழ்ப்பாணத்தில ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ள ஓடின ஆக்கள் நாங்கள். அந்த எம்.ஐ-25 சோவியத்தில செய்தது, ஓட்டினது இந்திய விமானப்படை. 1995-க்குப் பிறகு இலங்கை விமானப்படையின்ர எம்.ஐ-24. தாக்குதல் ஹெலி எண்டு பெருமையா எழுதேக்க, கீழ நிண்ட சனத்தையும் ஒருக்கா நினையுங்கோ.

சூலூர்க்காரன்:
உங்கள் வலி புரிகிறது ஐயா. ஆனால் இந்தத் திரி எஞ்சினைப் பற்றியது.

நெடுந்தீவான்:
புரிஞ்சவர் அடுத்த வரியிலயே "ஆனால்" எழுதமாட்டார்.

மலைமுகடு:
1998 பொக்ரான் அணுகுண்டு சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டது. துருவுக்கு வரவேண்டிய டி800 எஞ்சின் வரவில்லை. எஞ்சின் வைத்திருப்பவன் கையில்தான் குடுமி என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. நாளைக்கு பிரான்ஸ் மறுத்தால்?

சூலூர்க்காரன்:
அந்த அடி பட்டதால்தான் இந்த முறை வாங்காமல் கூட்டாகச் செய்தோம்! 2025 மார்ச் 28-ல் 156 பிரசண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்களே, ரூ.62,700 கோடி. ராணுவத்துக்கு 90, விமானப்படைக்கு 66. உள்நாட்டுப் பங்கு 65 சதவீதத்துக்கு மேல் என்பது இலக்கு. 45-ஐப் பிடித்துத் தொங்குகிறவருக்கு 65 கண்ணில் படாதா?

கணக்குப்புலி:
இலக்கு வேறு, கையில் இருப்பது வேறு.

சூலூர்க்காரன்:
வந்துவிட்டீர்களா? எச்.ஏ.எல்.லின் துமகூரு ஹெலிகாப்டர் தொழிற்சாலையை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பிரிட்டனும் அப்பாச்சியைத் தங்கள் ஊரில் அசெம்பிள் செய்து, ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் போட்டது. அந்த எஞ்சினும் பிரெஞ்சுக்காரர்களோடு கூட்டு. அங்கே யாராவது இப்படி நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டார்களா?

மலைமுகடு:
பிரிட்டனில் யாரும் அப்பாச்சியில் ஒரு ஸ்க்ரூகூட அமெரிக்காவுடையது இல்லை என்று பார்வர்டு அனுப்பவில்லை. சக்தி எஞ்சினை பிரான்சின் சம்மதம் இல்லாமல் மூன்றாவது நாட்டுக்கு விற்க முடியுமா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

சூலூர்க்காரன்:
சியாச்சினில் இறக்கியது எது? அதற்கு முதலில் ஒரே சொல்லில் பதில் சொல்லுங்கள்.