டிசம்பரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்: போகலாமா, வேண்டாமா?

செல்வி_சிட்னி: டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு நடு ஆஸ்திரேலியாவின் பாலைவன ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய், பக்கத்திலுள்ள மேற்கு மெக்டானல் தேசியப் பூங்காவின் மலையிடுக்குகளையும் நீர்மடுக்களையும் பார்க்க ஆசை. பிள்ளைகளுக்கு 7, 11 வயது. வெயில் தாங்குமா?

பாலைக்குயில்: தாராளமாகப் போங்கள். டிசம்பர் அங்கே கோடை; மடுவில் இறங்கிக் குளிக்கக் கோடைதானே சரி? ஜூலைக் குளிரில் போகிறவர்கள் கரையில் நின்று போட்டோ எடுப்பதோடு சரி. எல்லரி கிரீக் மடு ஆலிஸிலிருந்து 80 கிலோமீட்டர் சொச்சம், ஆர்மிஸ்டன் மலையிடுக்கு 135. தார் ரோடு, சாதாரண காரே போதும்.

கோபாலன்: இப்படிச் சொல்லித்தான் ஆட்களை மாட்டிவிடுகிறீர்கள். டிசம்பரில் அங்கே 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஆர்மிஸ்டன் பவுண்ட் என்கிற மலை சூழ்ந்த பள்ளத்தாக்கை நடந்து சுற்றிவர மூன்று நான்கு மணி நேரம், பெரும்பாலும் மொட்டை வெயில். ஜூலையில் பகல் 20 டிகிரிதான், நாள் முழுக்க நடக்கலாம். ராத்திரி குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது.

பாலைக்குயில்: 7 வயதுப் பிள்ளையைப் பவுண்ட் சுற்றச் சொன்னது யார்? விடிந்ததும் கிளம்பி, மடுவில் குளித்து, பாறைகளில் தாவும், குட்டிக் கங்காரு மாதிரியான வாலபிகளைப் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்குள் ஏசிக்குத் திரும்பிவிடலாம்.

கோபாலன்: அந்தத் தண்ணீரைப் பற்றியும் சொல்லுங்களேன். இருபுறமும் செங்குத்துப் பாறை, வெயில் படுவதே கொஞ்ச நேரம். மேலே இதமாக இருக்கும், காலை நீட்டினால் ஐஸ். ரெட்பேங்க் மலையிடுக்கு மடுவில் கோடையிலும் உடம்பு விறைத்துவிடும். ஆர்மிஸ்டன் மடு 14 மீட்டர் வரை ஆழம். மழை பொய்த்த வருடமென்றால் மடுவே சுருங்கிக் கலங்கிக் கிடக்கும்.

பாலைக்குயில்: சரி, அதே தண்ணீர் ஜூலையில் சுடுமா? பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டால் ஆயிற்று.

ஊர்சுற்றி: சண்டைக்கு நடுவே ஒன்று. வேறு மாநிலத்தார் பார்க் பாஸ் வாங்க வேண்டும், 2023இல் வந்த விதி. ஸ்டாண்ட்லி பிளவு என்கிற குறுகிய பாறை இடுக்குக்கு அது செல்லாது. அந்த இடம் அர்ரெர்ன்ட பழங்குடி மக்களுடையது, தனி டிக்கெட். உச்சிவேளையில் போங்கள், அப்போதுதான் இரண்டு சுவரும் தணல் மாதிரி சிவக்கும்.

கோபாலன்: டிசம்பரில், உச்சிவேளையில். நன்றாக இருக்கும்!

செல்வி_சிட்னி: ஏப்ரல் விடுமுறை எப்படி?

கோபாலன்: அருமை. பகல் 28 டிகிரி வாக்கில்தான் இருக்கும்.

பாலைக்குயில்: கோடை மழை பெய்திருந்தால் மடுவும் நிறைந்திருக்கும். ஆனால் ஈக்கு முகவலை இப்போதே வாங்கிவையுங்கள். அதிலாவது கோபாலன் சார் என்னோடு ஒத்துப்போவார்.