சுத்திகரித்த ஆலை நீரால் மண் இறுகுகிறது: ஜிப்சம் படுகை உதவுமா?

சென்னைக்கு மேற்கே, திருமழிசை அருகே 2 ஏக்கர் களிமண் நிலம். பக்கத்து ஆலையின் சுத்திகரித்த கழிவுநீரை 2023 கோடையிலிருந்து கோ-4 தீவனப்புல்லுக்கும் வெண்டைக்கும் பாய்ச்சுகிறேன். முதல் ஆண்டு புல் செழித்தது. இப்போது மண் மேல் வெள்ளைப் படலம், காய்ந்தால் கல்போல் இறுக்கம், பாய்ச்சிய நீர் மறுநாளும் தேங்கியே நிற்கிறது. வெண்டை இலைகளின் ஓரம் கருகுகிறது.

நீரில் மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,900 மில்லிகிராம். பாசனத்துக்கான 2,100 வரம்புக்குள் இருப்பதால் கவலை வேண்டாம் என்கிறது ஆலை. ஆனால் அந்த எண் சோடியத்தைத் தனியே காட்டாது. ஆய்வகத்தில் சோடியம் உறிஞ்சல் விகிதம் (கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட நீரில் சோடியம் எவ்வளவு என்ற அளவு) 14 என்று வந்தது, கார்பனேட்டும் அதிகம். மண்ணின் பி.எச். 8.8, மண் துகள்களில் ஒட்டியிருக்கும் மாற்றுச் சோடியம் 21 சதவீதம். 15-ஐத் தாண்டினாலே களர் நிலம்தான். இந்த மண்ணை இழக்க எனக்கு மனமில்லை.

தொழு உரம் போட்டேன். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதேன். சோடியத்தை விலக்கக் கால்சியம் தரும் ஜிப்சத்தை ஏக்கருக்கு 1 டன் தூவி, வடிகால் வெட்டினேன். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மண் சற்று இளகியது. மாசியில் மறுபடி இறுகிவிட்டது. கலந்து பாய்ச்சக் கிணற்று நீர் போதாது, கோடையில் வற்றிவிடும்.

தொட்டியில் ஜிப்சம் கட்டிகளை அடுக்கி, நீரை அதன் வழியே விட்டுப் பாய்ச்சும் முறையை இப்போது யோசிக்கிறேன். இதே அளவு சோடியம் உள்ள நீரில், களிமண் நிலத்தில் இதைச் செய்து பலன் கண்டவர்கள் இருந்தால், படுகையை எவ்வளவு கனத்தில் அமைத்தீர்கள்?