பள்ளிக் கட்டடத்துக்கு வரும் அரசுப் பணம்: நேரில் கண்டதை எழுதுங்கள் (இணைய மன்ற இழை; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

வடக்குத்தெரு வாசகி

எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஓட்டுக் கட்டடத்தை இடித்தது இன்னும் மனதை அரிக்கிறது. நெல்லையில் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தது 2021 டிசம்பரில். அதன் பிறகு ஊர் ஊராகப் பழுதடைந்த கட்டடங்களுக்குப் பட்டியல் எடுத்தார்கள் அல்லவா, அதில் எங்கள் கட்டடமும் சேர்ந்துவிட்டது. காமராசர் காலத்தில் ஊரார் பணமும் சேர்ந்து எழுந்த கட்டடம். நான் அப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தேன்.

ஜேசிபி வந்தது. வாளி மோதியது, சுவர் அசையவில்லை. பின்வாங்கி மறுபடி மோதியது, காரை உதிர்ந்ததே தவிரச் செங்கல் பெயரவில்லை. ஓட்டுநர் இறங்கி வந்து சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "சுண்ணாம்புக் கட்டு அக்கா. இதை இடிக்கச் சொன்னவர் யார்?" என்று கேட்டார். அவர் பின்னாலேயே, வெகு பிற்பாடு கட்டிய கான்கிரீட் வகுப்பறை நிற்கிறது. அதன் தாழ்வாரத்தில் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. அது பட்டியலில் இல்லை.

இடிமானப் பொருள் ஏலத்தில் போயிற்று. உள்ளே இருந்தது நல்ல தேக்கு உத்தரம். எந்த விலைக்குப் போனது என்று கேட்டேன், "மதிப்பீட்டின்படி" என்றார்கள். பிள்ளைகள் ஊராட்சி நூலகத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். புதுக் கட்டடம் வந்தது, ஆனால் இடிக்கும்போது மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் அதில் உட்காரவே இல்லை. அதற்குள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டார்கள்.

சாரம்

வாசகி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஜேசிபி ஓட்டுநர் சொன்னதை வைத்துக் கட்டடத்தின் பலத்தை முடிவு செய்ய முடியாது. சுவர் உறுதியாக இருக்கும், மேலே உத்தரத்தின் முனை சுவருக்குள் செருகிய இடத்தில் கறையான் தின்றிருக்கும். வெளியே பார்த்தால் தேக்கு, உள்ளே தூள். ஓட்டுக் கட்டடம் விழுவது பெரும்பாலும் அந்த முனையில்தான். கட்டுமானத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அந்தக் கான்கிரீட் அறையைப் பட்டியலில் சேர்க்காததுதான் கேள்வி, ஓட்டுக் கட்டடத்தை இடித்தது அல்ல.

வடக்குத்தெரு வாசகி

சாரம் சார், உத்தர முனையை யாராவது ஏணி வைத்து ஏறிப் பார்த்திருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். வந்தவர்கள் வாசலில் நின்று கைப்பேசியில் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள்.

மணல்சலிப்பவன்

நான் கொத்தனார். எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு நடுநிலைப் பள்ளியில் கோடை விடுமுறையில் மராமத்து வேலை. தளத்தின் அடிப்பக்கம் ஒரு மூலையில் மட்டும் காரை பெயர்ந்திருந்தது. எஸ்டிமேட்டில் அந்த மூலைக்கு மட்டும்தான் சதுர மீட்டர் கணக்கு. சாரம் கட்டி, சுத்தியலால் தட்ட ஆரம்பித்தேன். தட்டத் தட்டப் பெயர்ந்துகொண்டே போகிறது. மூலை தாண்டி, மின்விசிறிக் கொக்கி தாண்டி, கரும்பலகைக்கு மேலே வரை வந்துவிட்டது. எங்கே தட்டினாலும் பொத்தென்ற சத்தம். கீழே நின்ற மேஸ்திரி, "நிறுத்து, இனிமேல் தட்டாதே" என்று கத்தினார்.

ஏன் கத்தினார் என்று எனக்குத் தெரியும். அளவு கூடினால் திருத்திய மதிப்பீடு போட வேண்டும். அது ஒன்றிய அலுவலகம் போய் மேலே போய் ஒப்புதலாகித் திரும்புவதற்குள் பள்ளி திறந்துவிடும். கூடுதல் வேலைக்குப் பணம் வருமா என்பதும் நிச்சயமில்லை. அதனால் பெயர்ந்தவரைக்கும் பூசினோம். மீதியின் மேல் வெள்ளை அடித்தோம். திறந்த அன்று பிள்ளைகள் பெயிண்ட் வாசனை நன்றாக இருக்கிறது என்றார்கள். கரும்பலகைக்கு மேலே இருக்கும் அந்த இடத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

சாரம்

கொத்தனார் ஐயா சொன்னதுதான் இந்த இழையில் முக்கியமான செய்தி. புதுக் கட்டடத்தைத் தாளிலேயே கணக்குப் போட்டுவிடலாம்: நீளம், அகலம், கம்பி, சிமெண்ட். மராமத்தைத் திறந்து பார்த்தால்தான் அளவு தெரியும். நம் டெண்டர் முறையோ முதல் சுத்தியல் விழுவதற்கு முன்பே அளவைக் கேட்கிறது. சின்ன வேலை, சாரத்துக்கே பணம் போதாது, நல்ல ஒப்பந்ததாரர் எடுக்கவும் மாட்டார். கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும், கூடும்போது அடிக் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். மேலே எத்தனை பூசினாலும் அது தள்ளிக்கொண்டேதான் இருக்கும். பெயர்ந்ததை முழுக்கக் கொத்தி, கம்பியில் துருவைத் தேய்த்தெடுத்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன் பிறகுதான் பூச வேண்டும்.

சுண்ணாம்புக்கட்டி டீச்சர்

ஓய்வு பெற்றுவிட்டேன், அதனால் தயக்கமில்லாமல் எழுதலாம். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் நூறைத் தாண்ட மாட்டார்கள். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு என்று விதி. மீதியில் சாக்பீஸ், பதிவேடு, குழாய், பல்பு, உடைந்த ஓடு எல்லாம். அதுவும் எப்போது கணக்கில் ஏறும் என்று தெரியாது. ஒரு வருடம் கல்வியாண்டு முடியும் தறுவாயில் வந்து, மார்ச் 31-க்குள் செலவுச் சான்று கேட்டார்கள்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை தானாகவே எழுந்து தன் பையை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, ஒழுகும் இடத்தில் சத்துணவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நான் சொல்லவில்லை. பாடத்தையும் நிறுத்தவில்லை, "டீச்சர், நீங்கள் சொல்லுங்கள்" என்றாள். அதற்கு மேல் என்னால் அன்று பாடம் நடத்த முடியவில்லை.

அதே மாதம் பார்வைக்கு வந்த ஓர் அதிகாரி, சுற்றுச்சுவரில் வாசகங்கள் மங்கிவிட்டன, எழுத வையுங்கள் என்றார். ஓடு ஒழுகுகிறது என்று சொன்னேன். "அது ஒன்றியத்தின் வேலை, வாசகம் நம்முடைய வேலை" என்றார். உண்மைதான், தவறாக ஒன்றும் சொல்லவில்லை!

அரசமரத்தடி

என் அனுபவம் சின்னது. மகளுடைய பள்ளிக் கூரைக்காக ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுத்தேன், வேறு அலுவலகத்துக்குப் போகும்படி பதில் வந்தது. அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் கட்டடம் யாருடையது என்று பாருங்கள். ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் ஊராட்சி ஒன்றியம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். உயர்நிலை, மேல்நிலை என்றால் பொதுப்பணித் துறை வழியாகப் போகும். வட்டாரக் கல்வி அலுவலரிடம் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் கட்டட நிதி கிடையாது, கடிதம்தான் எழுதுவார். அடுத்து, மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் 21-ஆம் பிரிவே அந்தக் குழுவுக்குத்தான். தீர்மானத்தில் "பள்ளி மோசமாக உள்ளது" என்று எழுதாதீர்கள். எந்த அறை, எந்தப் பக்கம், எத்தனை அடி விரிசல், எந்தத் தேதியில் எடுத்த படம் என்று எழுதுங்கள். அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, எந்த நாளானாலும் சரி, பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். வேலை நடக்கும்போது மதிப்பீட்டின் நகலையும், செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். புதுத் தளம் போட்டால் குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்டி வைக்கிறார்களா என்று பாருங்கள், யாரும் பார்ப்பதில்லை. கடைசியாக, புரட்டாசிக்குள் மொட்டைமாடி ஏறி இலையைக் கூட்டி மழைநீர்க் குழாய் வாயை அடைப்பெடுங்கள். மாடியில் தண்ணீர் தேங்கினால் எந்தத் தளமும் தாங்காது. இதற்கு ஒரு விளக்குமாறு போதும், டெண்டர் வேண்டாம்.

கடைசி பெஞ்சு

அரசமரத்தடி அண்ணன் எல்லா வேலையையும் பெற்றோர் தலையில் கட்டுகிறார். விளக்குமாறு வரைக்கும் நாங்களே என்றால் ஒன்றியத்தில் பொறியாளர் எதற்கு? கூலிக்குப் போகிற அம்மா அளவுப் புத்தகத்தை வாங்கிப் படிப்பாரா? 2022 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்து ஆண்டுகளுக்கு 7,000 கோடி என்று அறிவித்தார்கள். வகுப்பறைகள் எழுந்தன, மறுக்கவில்லை, எங்கள் ஊரிலேயே எழுந்தது. ஆனால் எழுந்ததைப் பார்த்துக்கொள்ள எந்தக் கணக்கில் பணம் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு பக்கம் 2024-25-இல் பள்ளிக் கல்விக்குத் தர வேண்டிய 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்திவைத்துவிட்டது என்று மாநிலம் சொன்னது, இன்னொரு பக்கம் முன்னாள் மாணவர்களே பணம் கொடுங்கள் என்று இணையதளம் திறந்தது. நானும் கொடுத்தேன். எங்கள் செட் பணத்தில் வந்தது ஒரு நுழைவு வளைவு. வளைவு கேட்டது யார் என்று இதுவரை தெரியவில்லை. உள்ளே கழிவறைக்குத் தண்ணீர் இணைப்பு இல்லை.

சுண்ணாம்புக்கட்டி டீச்சர்

கடைசி பெஞ்சு தம்பி, கோபம் சரி, ஆனால் ஊரார் பணத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். ஐம்பதுகளின் இறுதியில் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி ஊர்தோறும் இப்படித்தான் திரட்டினார்கள். நிலம், நாற்காலி, கடிகாரம் என்று கொடுத்தார்கள். ஆனால் அப்போது பள்ளிக்கு எது தேவை என்று முதலில் பட்டியல் எழுதி, அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். வளைவு அந்தப் பட்டியலில் இருந்திருக்காது.

மணல்சலிப்பவன்

வளைவுக்கு அளவு கச்சிதமாக வரும் டீச்சர், திருத்திய மதிப்பீடு தேவைப்படாது. அதனால்தான் அதைக் கட்டுகிறார்கள்.

வடக்குத்தெரு வாசகி

எங்கள் கான்கிரீட் அறையைப் பற்றி இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். இப்போதும் அதில்தான் நான்காம் வகுப்பு நடக்கிறது. அரசமரத்தடி சொன்னபடி அறை, பக்கம், அடி எல்லாம் போட்டுத் தீர்மானம் எழுதியாயிற்று. குழுத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு முத்திரை மட்டும் வைத்துத் தந்தார்கள், எண் கொடுக்கவில்லை. எண் இல்லாமல் நகல் கேட்க முடியுமா, சாரம் சார்?