ஜெனரேட்டர் ஓடுகிறது, யு.பி.எஸ். சார்ஜ் ஏறவில்லை, ஃபிரிட்ஜ் டக் டக் என்கிறது: யாராவது உதவுங்கள்

மாடிவீட்டுக்காரன்:
வணக்கம். பெங்களூரில் ராமமூர்த்தி நகர்ப் பக்கம் இருக்கிறோம். முந்தாநாள் சாயங்காலம் மாம்பழ மழை (கோடை மழை) என்று ஆரம்பித்தது, பேய்க்காற்றாக மாறி, தெருமுனையில் நின்ற தூங்குமூஞ்சி மரம் இரண்டு மின்கம்பத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டது. மின்வாரியத்தின் 1912 எண்ணில் புகார் கொடுத்தாயிற்று, ஆட்களும் வந்து மரத்தை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம் ராத்திரி முழுக்க மழையில்தான் வேலை. ஆனால் கம்பம் நட்டு லைன் இழுக்க இன்னும் ஒரு நாளாவது ஆகும் போலிருக்கிறது.

யு.பி.எஸ். பேட்டரி 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் வகை, முதல் ராத்திரியே காலி. அண்ணன் சொந்த ஊருக்குப் போகும்போது விட்டுப்போன 2.2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று படிக்கட்டுக்கு அடியில் சாக்கு மூடி ஒன்றரை வருடமாகக் கிடந்தது. டேங்கில் பாதி பெட்ரோல் இருந்தது, அதன் மேலேயே புதிதாக ஊற்றிக் கயிறு இழுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் என்று நினைத்த நேரத்தில் பிடித்துக்கொண்டது.

பிரச்சினை இதுதான். ஃபேனும் லைட்டும் எரிகின்றன, ஆனால் வெளிச்சம் கூடிக் கூடிக் குறைகிறது. எஞ்சின் சத்தமும் அதே மாதிரி, மேடு ஏறும் லாரி போல ஒரு உறுமல், ஒரு அடங்கல். யு.பி.எஸ்.ஸில் மெயின் விளக்கு வருகிறது, போகிறது, உள்ளே ரிலே (தானாக மாற்றும் சுவிட்ச்) க்ளிக் க்ளிக் என்று அடிக்கிறது, சார்ஜ் ஏறவே இல்லை. ஃபிரிட்ஜ் போட்டால் ஒரு உறுமல், ஒரு டக், நின்றுவிடுகிறது. டெஸ்டர் வைத்தால் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் மங்கலாக எரிகிறது, அது வேறு பயமாக இருக்கிறது. அம்மாவின் இன்சுலின் உள்ளே இருப்பதால்தான் அவசரம். யு.பி.எஸ். போய்விட்டதா?

பாணஸ்வாடி பேட்டரி:
முதலில் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அந்த டக் சத்தம் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் ஓவர்லோடு பாதுகாப்பு சுவிட்ச் தட்டுவது, இப்படியே நாலு தடவை விட்டால் செலவு வேறு இடத்தில் வரும்.

யு.பி.எஸ். போயிருக்காது. பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், யு.பி.எஸ். என்று ஒரு பக்கம், நார்மல் என்றோ வைட் என்றோ மறுபக்கம். யு.பி.எஸ். பக்கம் இருந்தால் ஏறக்குறைய 180-இலிருந்து 260 வோல்ட்டுக்குள் வரும் கரண்டைத்தான் அது ஏற்கும், கொஞ்சம் தாண்டினாலும் வேண்டாம் என்று பேட்டரிக்குத் தாவிவிடும். நார்மலில் 100 முதல் 290 வரைகூடச் சகித்துக்கொள்ளும் (மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்). ஜெனரேட்டரில் ஓட்டும்போது நார்மலில் வையுங்கள்.

மாடிவீட்டுக்காரன்:
மாற்றிவிட்டேன் சார். ரிலே சத்தம் குறைந்தது, சார்ஜ் விளக்கும் எரிகிறது. ஆனால் இப்போது எஞ்சின் முன்னைவிட மோசமாக ஏறி இறங்குகிறது, இரண்டு முறை நின்றே போயிற்று. வெறும் பேட்டரி சார்ஜுக்கா இவ்வளவு திணறல்?

பாணஸ்வாடி பேட்டரி:
150 ஏ.எச். பேட்டரிக்கு 15 ஆம்பியர் வரை சார்ஜ் இழுக்கும், சேதாரம் எல்லாம் சேர்த்து முந்நூறு வாட் வைத்துக்கொள்ளுங்கள். 2.2 கே.வி.ஏ. செட்டுக்கு அது தூசு. அப்படியானால் கோளாறு எஞ்சினில். இனி மெக்கானிக் ஆட்கள் யாராவது வரட்டும்.

அல்சூர் ஸ்பேனர்:
வந்தாச்சு. ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது சோக்கை (காற்று வழியை அடைக்கும் பிடி) மெதுவாகப் பாதிவரை இழுங்கள். ஏற்ற இறக்கம் அடங்கி ஒரே சீராக ஓடுகிறதா?

மாடிவீட்டுக்காரன்:
ஐயோ, ஆமாம்! பாதி சோக்கில் அப்படியே சீராக ஓடுகிறது. வெளிச்சமும் ஆடவில்லை. இப்படியே விட்டுவிடலாமா?

அல்சூர் ஸ்பேனர்:
விடக்கூடாது. கறுப்புப் புகை வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கும், பெட்ரோலையும் குடிக்கும். சோக் இழுத்தால் காற்று குறைகிறது, அதனால் சீராகிறது, அப்படியென்றால் பெட்ரோல் தேவைக்குக் குறைவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் ஜெட்டில் அடைப்பு. ஒன்றரை வருடப் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி அந்த ஊசிமுனை ஓட்டையை மூடியிருக்கும். இப்போது பெட்ரோல் பங்கில் வருவதில் எத்தனால் கலந்திருக்கிறது, அது காற்றிலுள்ள ஈரத்தை வேறு இழுத்து வைத்துக்கொள்ளும், கிண்ணத்தின் அடியில் தண்ணீராகத் தேங்கும்.

எஞ்சின் ஆறட்டும், ஆறாமல் பெட்ரோல் பக்கம் கையே கொண்டுபோகாதீர்கள். டேங்க் வால்வை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள போல்ட்டைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள், என்ன வருகிறது என்று பார்த்தாலே புரியும். பிறகு கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் பித்தளை ஜெட் இருக்கும். பொருத்தமான ஸ்க்ரூடிரைவரில் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டை தெரியவேண்டும். மெல்லிய செப்புக் கம்பி இழை ஒன்றை விட்டு எடுங்கள், கார்ப் கிளீனர் அடியுங்கள். ஊசி, குண்டூசி எதுவும் வேண்டாம், ஓட்டை பெரிதானால் அது இன்னொரு கதை. டேங்கில் உள்ளது முழுவதையும் மாற்றுங்கள், பழையதோடு புதியது கலந்தால் எல்லாமே பழையதுதான். ஆயிலும் பாருங்கள், குறைவாக இருந்தால் பல செட்டுகள் தானாகவே நின்றுவிடும்.

ஓய்ந்த வயர்மேன்:
தம்பி, எல்லாம் சரி. நான் கேட்பது வேறு. ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், யு.பி.எஸ்., எல்லாம் அததன் இடத்திலேயே ஓடுகிறது என்கிறீர்கள். ஜெனரேட்டர் கரண்ட் வீட்டுக்குள் எந்த வழியாகப் போகிறது?

மாடிவீட்டுக்காரன்:
மெயினை இறக்கிவிட்டு, வாஷிங் மெஷின் சாக்கெட்டில் கொடுத்திருக்கிறேன் சார். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயர் அண்ணன் செய்து வைத்திருந்தார்.

ஓய்ந்த வயர்மேன்:
இப்போதே, இதைப் படித்த கையோடு எஞ்சினை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகுதான் பிளக்கைப் பிடுங்க வேண்டும், மாற்றிச் செய்தால் கையில் இருக்கும் பிளக்கின் முனையில் 230 வோல்ட்.

முப்பத்திரண்டு வருடம் கம்பம் ஏறியவன் சொல்கிறேன். உங்கள் தெருமுனையில் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மெயினை இறக்க ஒரே ஒரு தடவை மறந்தால், அல்லது வீட்டில் வேறு யாராவது கரண்ட் வந்துவிட்டதா பார்க்கலாம் என்று தூக்கிப் போட்டால், உங்கள் 230 வோல்ட் தெருக் கம்பிக்குப் போகும், அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாகப் போய் மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே வரும். லைன் செத்துவிட்டது என்று நம்பித் தொடுகிறவன் கை அங்கே இருக்கும்.

மாடிவீட்டுக்காரன்:
சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சின்ன செட் தெரு முழுவதையும் தாங்காது, அதுவே நின்றுவிடாதா?

ஓய்ந்த வயர்மேன்:
நின்றுவிடலாம், நிற்காமலும் போகலாம். கம்பி அறுந்து கிடக்கும்போது உங்களோடு இணைந்திருப்பது தெரு முழுவதும் இல்லை, ஒரு துண்டுதான், அதில் எத்தனை வீடு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். அப்படியே நின்றாலும், நிற்பதற்கு முன் உள்ள அந்த ஒரு நொடி போதும்.

இன்றைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஃபிரிட்ஜையும் யு.பி.எஸ்.ஸையும் நேராக ஜெனரேட்டரில் மாட்டுங்கள், 2.5 சதுர மி.மீ. வயர் போட்ட நல்ல பாக்ஸாக இருக்கட்டும். நிரந்தரமாக வேண்டும் என்றால் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் சேஞ்சோவர் சுவிட்ச் (தெரு கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் சேராமல் ஒன்றை மட்டும் வீட்டுக்கு விடுவது) கிடைக்கும், ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் இரண்டு போல் வகை வாங்கி லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துப் போடுங்கள். டெஸ்டர் இரண்டு பக்கமும் எரிவது கோளாறு இல்லை, சின்ன செட்டுகளில் நியூட்ரலை எர்த்தோடு கட்டியிருக்க மாட்டார்கள். நீங்களாகக் கட்டவும் போகாதீர்கள், அதையும் அந்த ஆளிடமே காட்டுங்கள்.

ஹெண்ணூர் அக்கா:
நான் மெக்கானிக் இல்லை, ஒன்று மட்டும் கேட்கிறேன் தம்பி. ஜெனரேட்டரை எங்கே வைத்து ஓட்டினீர்கள்? இன்சுலின் விஷயம்: திறந்த பாட்டில் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வெளியில் தாங்கும், வகைக்கு வகை மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். திறக்காததை டப்பாவில் போட்டு ஈரமணல் நிரப்பிய மண்பானையில் வையுங்கள், ஐஸ் நேரடியாகப் பட வேண்டாம், உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

மாடிவீட்டுக்காரன்:
பானை யோசனைக்கு நன்றி அக்கா. ஜெனரேட்டர் படிக்கட்டுக்கு அடியிலேயேதான், மழை படாதே என்று. கிரில் கேட் போட்ட இடம், காற்று வரும். நேற்று ராத்திரி மூன்று மணி நேரம் ஓட்டினேன். அம்மாவுக்குக் காலையிலிருந்து தலைவலி, குமட்டல், தூங்கவில்லை என்று படுத்திருக்கிறார்.

ஹெண்ணூர் அக்கா:
அது தூக்கமில்லாத தலைவலி இல்லாமலும் இருக்கலாம். அம்மாவை மாடியிலோ வாசலிலோ நல்ல காற்றில் உட்கார வையுங்கள், ஜன்னல் எல்லாவற்றையும் திறங்கள், பிறகு இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், ஜெனரேட்டர் புகை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. படிக்கட்டுக் கூண்டு புகைபோக்கி மாதிரி நேராக மாடிக்கு இழுத்துவிடும். கிரில் எல்லாம் காற்றோட்டக் கணக்கில் வராது. குறைந்தது இருபது அடி தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் யார் வீட்டு ஜன்னலையும் பார்க்காமல். மேலே தகரம் ஒன்றைச் சாய்த்து நிறுத்தினால் மழைக்குப் போதும், நாலு பக்கமும் மூடாதீர்கள்.

அல்சூர் ஸ்பேனர்:
அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள், ஜெட் எங்கேயும் ஓடிப்போகாது.

மாடிவீட்டுக்காரன்:
எல்லோருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. அம்மாவை மொட்டைமாடியில் உட்கார வைத்த ஒரு மணி நேரத்தில் தெளிவாகிவிட்டார், டாக்டரும் பார்த்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார், இனி அந்த இடத்தில் வைத்தால் தன்னிடம் வராதே என்றும் சொன்னார்.

கிண்ணத்தைத் திறந்தேன். டம்ளரில் வந்தது தேன் நிறத்தில் ஒரு திரவம், அடியில் குமிழ் குமிழாகத் தண்ணீர். ஜெட்டில் வெளிச்சமே தெரியவில்லை. செப்பு இழை, கிளீனர், புதுப் பெட்ரோல். மூன்றாவது இழுப்பில் பிடித்தது, சோக் முழுவதும் உள்ளே தள்ளியும் ஒரே சீர். முன்னே மல்டிமீட்டரில் வோல்ட் ஊஞ்சலாடியது, இப்போது 228 – 232. ஃபிரிட்ஜ் முதல் முயற்சியிலேயே கிளம்பிவிட்டது, யு.பி.எஸ். சார்ஜ் ஆகிறது. செட் இப்போது காம்பவுண்டின் கோடியில், முருங்கை மரத்தடியில்.

சம்ப்பிலிருந்து (தரைக்கடியில் உள்ள தொட்டி) மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 1 ஹெச்.பி. மோட்டாரும் இதில் ஓடுமா? தொட்டியில் இரண்டு பக்கெட் தண்ணீர்தான் மிச்சம்.

அல்சூர் ஸ்பேனர்:
ஓடும்போது ஆயிரம் வாட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் இழுக்கும், கிளம்பும்போது அதைப் போல ஐந்தாறு மடங்கு கேட்கும். போதாக்குறைக்கு நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே, காற்று லேசு, எஞ்சின் பலத்தில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். சென்னையில் இழுத்த செட் இங்கே முக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மோட்டார் உறுமிக்கொண்டு நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், வைண்டிங் கருகிவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முயற்சியே செய்ய மாட்டேன்.

பட்டுக்கோட்டையான்:
2018-இல் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது கற்றுக்கொண்டது: பெரிய செட் ஒன்றை நாலைந்து வீடு சேர்ந்து ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, எல்லாத் தொட்டியையும் ஒரே மூச்சில் நிரப்பிக்கொள்வது. சொந்தச் செட்டைக் காலையில் ஒன்றரை மணி நேரம், ராத்திரி ஒன்றரை மணி நேரம் மட்டும் ஓட்டினோம், அந்த நேரத்தில் ஃபிரிட்ஜும் பேட்டரியும் போனும், மற்ற நேரம் யு.பி.எஸ். திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர் பிடிக்கும். பாதி லோடில் மணிக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு வையுங்கள், நாள் முழுக்க ஓட்டினால் பெட்ரோல் பங்குக்குச் சம்பளத்தை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

மாடிவீட்டுக்காரன்:
பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார்கள், சாயங்காலம் 7.5 கே.வி.ஏ. வாடகைச் செட் வருகிறது. கூட வரும் எலக்ட்ரீஷியன்தான் மோட்டாரை நேராகச் செட்டில் இணைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், சேஞ்சோவர் சுவிட்ச் போட ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

வயர்மேன் சாருக்கு: அந்த இரட்டைப் பிளக் வயரை நடுவில் வெட்டிவிட்டேன். ஒரு பாதியை அயர்ன் பாக்ஸுக்குப் போட்டுக்கொள்ளலாமே என்று அம்மா கேட்கிறார்.

ஓய்ந்த வயர்மேன்:
தாராளமாக. எர்த்தும் சேர்ந்த மூன்று கோர் வயர்தானா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.