மறைகொடையா, மூடுகொடையா?

அன்புள்ள குழுவினருக்கு, கோத்தகிரியிலிருந்து வணக்கம்.

கட்சி நன்கொடை விதிகளைத் திருத்தியபோது நடந்த நாடாளுமன்ற விவாதங்களைத் தமிழில் தரும் நம் வேலை, ஒரே ஒரு சொல்லில் நான்கு நாளாக நிற்கிறது. கட்சிக்குப் பணம் வருகிறது, கொடுத்தவர் பெயர் மட்டும் வெளியே வருவதில்லை. அந்தப் பணத்தை என்ன சொல்வது? ‘கறுப்புப் பணம்’ என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். போகக் கூடாது என்பதுதான் என் கருத்து. அந்தச் சொல் பொருளையே மாற்றிவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து ஹட்டியில் (படகர் ஊரில்) கேரட் போடும் ஒரு விவசாயி. 2024 ஏப்ரலில் மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டைகளைக் கொடுத்துவிட்டு 68,000 ரூபாயோடு மலையேறி வந்தவரை வழியில் ஒரு சாவடியில் நிறுத்தினார்கள். தேர்தல் நேரம், 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் ஆவணம் வேண்டும். மண்டிச் சீட்டு சட்டைப் பையில் வியர்வையில் ஊறிக் கிழிந்திருந்தது. பணத்தை எடுத்துக்கொண்டார்கள். திரும்ப வாங்க நான்கு நாள் அலைந்தார். அப்புறம் ஒரு மாலை எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கறைக்கு வந்து உட்கார்ந்து, “என் கேரட் காசுக்குச் சீட்டு கேட்டாங்க. கோடிக் கணக்குல கட்சிக்குக் கொடுத்தாங்களே, அதுக்குப் பேரு கேக்கலையே. அந்தப் பணத்துக்கு என்னங்க பேரு?” என்றார். நான் யோசிக்காமல் கறுப்புப் பணம் என்றேன். “இல்லைங்களே, பேங்க்குலதானே வாங்குனாங்க” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. கறுப்புப் பணம் என்றால் கணக்கில் காட்டாத, வரி கட்டாத பணம். அவர் சொன்ன பணம் தேர்தல் பத்திரம் வழியாக வந்தது, அதாவது வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் தாள். 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அதைப் பாரத ஸ்டேட் வங்கியில் மட்டுமே வாங்க முடிந்தது. வாங்குபவர் வங்கியில் தன் அடையாளத்தைக் காட்டவேண்டியிருந்தது, ரொக்கமாகக் கட்ட முடியாது. ஆயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி என்று ஐந்து மதிப்புகள். 15 நாளுக்குள் கட்சி அதைத் தன் வங்கிக் கணக்கில் செலுத்திவிட வேண்டியிருந்தது. ஆக, பணம் வெள்ளைதான். மறைந்திருந்தது பெயர்.

அந்தப் பெயரை மறைக்க எத்தனை சட்டங்களைத் திருத்தினார்கள் என்று பாருங்கள். 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒன்றே போதும். 20,000 ரூபாய்க்கு மேல் வந்த நன்கொடைகளைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவு. அதிலிருந்து பத்திரங்களுக்கு விலக்கு கிடைத்தது. நிறுவனங்கள் தங்கள் மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று இருந்த வரம்பு போனது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று நிறுவனம் தன் கணக்கில் காட்டவேண்டிய கடமையும் போனது. பண மசோதாவாகக் கொண்டுவந்ததால் மாநிலங்களவை பரிந்துரை மட்டுமே செய்யலாம். மார்ச் 29 அன்று அந்த அவை ஐந்து திருத்தங்களை ஏற்றது. மறுநாள் மக்களவை அவற்றை நிராகரித்தது. இந்த இரண்டு நாள் விவாதத்தைத்தான் நாம் தமிழில் தரப்போகிறோம். அங்கே ‘கறுப்புப் பணம்’ என்று எழுதினால், கறுப்புப் பணத்தை ஒழிக்கத்தான் இந்தத் திருத்தம் என்று அரசுத் தரப்பு சொன்னதும், பெயர் மறைகிறதே என்று எதிர்த்தரப்பு கேட்டதும் ஒரே சொல்லில் முட்டிக்கொள்ளும். படிப்பவருக்கு எந்தப் பக்கத்து வாதமும் விளங்காது.

‘பத்திரம்’ என்ற சொல்லும் இந்த இடத்தில் நமக்கு உதவவில்லை. நம் ஊரில் பத்திரம் என்றால் நிலப் பத்திரம்தான் முதலில் கண்ணுக்கு வரும். எழுதிக் கொடுத்தவர் பெயர், எழுதி வாங்கியவர் பெயர், தகப்பன் பெயர், சாட்சிக் கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. பெயரே இல்லாத தாளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இனி மாற்ற முடியாது. அதனாலேயே அதன் வழியாக வந்த பணத்துக்காவது சரியான சொல் வேண்டும் என்கிறேன்.

‘அநாமதேய நன்கொடை’ என்று சேலத்து நண்பர் எழுதியிருந்தார். அதுவும் பொருந்தாது. கோயில் உண்டியலில் விழும் பணம்தான் அநாமதேயம்: போட்டவர் யாரென்று எடுப்பவருக்கும் தெரியாது. இங்கே கொடுத்தவருக்குத் தெரியும், வாங்கியவரும் தெரிந்துகொள்ள வழி இருந்தது. ஊருக்கு மட்டும் தெரியாது. கல்யாண வீட்டில் மொய் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, தொகை சொல்லி நோட்டில் ஏற்றுகிறோம். அந்த நோட்டைப் பூட்டி வைத்துவிட்டு, இரண்டு பேர் மட்டும் கணக்கை வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? நமக்கு வேண்டிய சொல் அதைச் சொல்லவேண்டும்.

2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு சுயேச்சை வேட்பாளருக்கு நான் செலவுக் கணக்கு எழுதினேன். ஆணையம் தரும் பதிவேட்டில் வெள்ளைத் தாள் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக் கணக்குக்கு. டீக்கடைக்காரர் அன்பாகக் கொடுத்த 500 ரூபாயையும் இளஞ்சிவப்புத் தாளில் பெயர், முகவரியோடு ஏற்றினேன். ஜீப் வாடகை, நோட்டீஸ், மைக் செட் எல்லாவற்றுக்கும் ரசீது. அந்த வேட்பாளருக்கு அப்போது வரம்பு 30.8 லட்சம், 2022-இல்தான் 40 லட்சமானது. கட்சி செலவழிப்பதற்கு இன்றுவரை வரம்பே இல்லை. அந்தத் தாள்களை நிரப்பிய கைக்கு, இந்தச் சொல்லை ஏனோதானோவென்று விட மனம் வரவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நான் முதலில் முன்வைத்தது ‘மறைகொடை’. நன்கொடை போலவே ‘கொடை’யில் முடிகிறது; வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது. இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் அதைத் திரும்பப் பெறுகிறேன். கணக்கறையில் என்னோடு வேலை செய்யும் அக்காவிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். “சர்ச்சுக்குக் குடுக்கறதா?” என்று கேட்டார். உதகை மறைமாவட்டம், மறைக்கல்வி என்று தினமும் காதில் விழும் ஊரில் ‘மறை’ என்றால் சமயம்தான். மற்ற ஊர்களில் வேதம் என்று படிப்பார்கள். ‘ஒளிகொடை’ என்றால் ஒளிப்பதா, வெளிச்சமா என்று குழப்பம், பொருளே தலைகீழாகிவிடும்.

எனவே ‘மூடுகொடை’. மூடுபனி, மூடுமந்திரம், மூடுவண்டி என்று இந்த வரிசை நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. பனி இறங்கிய மாலையில் கோத்தகிரிச் சாலை ஓரம் இரண்டு பேர் நின்று பேசினால், அவர்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். பத்தடி தள்ளிப் போகிறவனுக்கு யாரும் தெரியாது. நான் தேடிய பொருள் அப்படியே இதில் இருக்கிறது. ‘மூடுபணம்’ என்று ஒருவர் சுருக்கினார். காதில் மூடுபனி என்றே விழும், வேண்டாம்.

கொடைக்கானல் ஆசிரியை ஒரு மறுப்பு எழுதியிருந்தார்: செய்தித்தாள்கள் அவர் ஊரைக் ‘கொடை’ என்றே சுருக்குவதால், மூடுகொடை என்றதும் பனி மூடிய கொடைக்கானல்தான் நினைவுக்கு வருகிறதாம். அம்மா, தலைப்பில் தனியாக நின்றால் நீங்கள் சொல்வது நடக்கலாம். வாக்கியத்துக்குள் நடக்காது என்று நினைக்கிறேன். இரத்தக் கொடை, நன்கொடை என்று படிக்கும்போது யாருக்கும் உங்கள் ஊர் நினைவுக்கு வருவதில்லையே.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். ‘மூடுகொடைக்கு வழிவிடும் பிரிவை உறுப்பினர்கள் எதிர்த்தார்கள்.’ ‘2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது; மார்ச்சில் பத்திர எண்கள் வெளியானபின் எந்த மூடுகொடையாளர் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்பது தெரிந்தது.’ எனக்கு நாக்கில் தடங்கவில்லை. கேரட்காரரிடமும் சொன்னேன். ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, “ஆமாங்க, மூடித்தானே குடுத்தாங்க” என்றார்.

மொத்தத் துறைக்கு ‘தேர்தல் நிதி’ வேண்டாம், ‘தேர்தல் வரவுசெலவு’ என்றே வைத்துக்கொள்ளலாம். நிதி என்றால் உண்டியல் குலுக்கிச் சேர்ப்பது மட்டும் என்று ஆகிவிடுகிறது. வரம்புக்கு ‘உச்சவரம்பு’ போதும், நில உச்சவரம்பால் எல்லாருக்கும் பழகிய சொல்.

மூடுகொடைக்கு வேறு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இதே இழையில் எழுதுங்கள். திங்கள் காலை நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.